பாலம் வந்தது, எல்லை பின்தங்கியது: ஹவாசு நகர்மன்றத்துக்கும் லண்டன் சிட்டிக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய லேக் ஹவாசு சிட்டி நகர்மன்ற உறுப்பினர்களுக்கும், சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷன் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் ஒருவர் லண்டன் பாலத்தை விற்றீர்கள், அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் இன்னொருவர் ஊரில் அது வந்து நின்றது. விற்பனை முடிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, காசு கணக்கும் அப்போதே தீர்ந்துவிட்டது. ஆனால் அந்தப் பாலத்தோடு நூறு ஆண்டுக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்று கப்பல் ஏறவே இல்லை. அது பாலத்தின் தென்முனையில் இருந்த எல்லை. லண்டனின் நடுப்பகுதியான ‘சிட்டி’ முடிகிற இடம், தென்கரைப் பகுதியான சதர்க் தொடங்குகிற இடம். அதைக் காட்டுவதற்காக லண்டனில் இன்று வெள்ளி நிற டிராகன்கள் நிற்கின்றன.

அந்த எல்லை டிராகனை அரிசோனாவில் இருக்கும் பாலத்தோடு சேர்த்து வைப்பது நல்ல காரியம் என்பது என் கட்சி. எப்படிச் சேர்த்து வைப்பது, அதன் காலடியில் என்ன எழுதி வைப்பது என்பதில்தான் எனக்குச் சில கோரிக்கைகள். பாலத்தருகே ஏற்கெனவே நிற்கும் சிலைக்கும் சரி, இனிமேல் வரப்போகிற சிலைக்கும் சரி, இந்தக் கோரிக்கைகள் பொருந்தும்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பீனிக்ஸ் வட்டாரத்தில் குடியிருக்கும் எங்கள் ஆட்களுக்கு ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் காட்டுவதற்கு ஒரு பட்டியல் இருக்கும். கிராண்ட் கேன்யன், லாஸ் வேகாஸ், அப்புறம் இந்த லண்டன் பாலம். பாலத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ‘இது நிஜமாவே லண்டன்ல இருந்ததா?’ என்று பெரியவர்கள் கேட்கும்போது, பிள்ளைகள் செல்போனைத் தட்டி, கிடைத்த பாதிக் கதையைச் சொல்வார்கள். அந்தப் பாதிக் கதை பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன். உங்கள் இருவருக்கும் ஆங்கிலப் படி தனியே வரும்.

முதலில் பாலம். ஜான் ரென்னி வரைந்தார். 1821-ல் அவர் இறந்துவிட, அவர் மகன், அவரும் ஜான் ரென்னிதான், கட்டி முடித்தார். 1825-ல் அடிக்கல், 1831 ஆகஸ்ட் 1 அன்று நான்காம் வில்லியம் மன்னர் திறந்துவைத்தார். ஐந்து வளைவுகள், மேல்முகம் எல்லாம் கருங்கல். கல்லில் பெரும்பகுதி தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், ஹேடார் பக்கம் வெட்டியது. அதற்கு முந்தைய, 1209-ல் முடிந்த இடைக்காலப் பாலத்துக்குச் சுமார் 30 மீட்டர் மேற்கே இதைக் கட்டினார்கள். ஆக ‘லண்டன் பாலம்’ என்ற பெயர் முதன்முதலில் இடம் மாறியது அரிசோனாவுக்கு அல்ல. தேம்ஸ் நதியிலேயே ஒருமுறை நகர்ந்திருக்கிறது.

வண்டிப் பாரம் கூடிக்கொண்டே போனது. 1902-லிருந்து 1904 வரை இரு பக்கமும் கல் தாங்கிகள் பொருத்தி, 52 அடி அகலத்தை 65 அடியாக்கினார்கள். அது அடித்தளத்துக்குத் தாங்கவில்லை. 1924-ல் அளந்தபோது கிழக்குப் பக்கம் மேற்கைவிட மூன்று நான்கு அங்குலம் இறங்கியிருந்தது. அந்த அகலப்படுத்தும் வேலைக்காக வெட்டி, அனுப்பாமல் விட்ட தாங்கிக் கற்கள் சில டார்ட்மூரின் ஸ்வெல்டார் குவாரிப் பக்கத்தில், பழைய ரயில் பாதை ஓரத்தில் இன்றைக்கும் கிடக்கின்றன. பாலத்தின் உறவுக்காரர்களை எண்ணும்போது அந்த அநாதைக் கற்களையும் யாராவது நினைத்துக்கொண்டால் நல்லது. சரி, அது வேறு கதை.

1968 ஏப்ரலில் ராபர்ட் மெக்கல்லக் 24,60,000 டாலருக்குப் பாலத்தை வாங்கினார். மரம் அறுக்கும் செயின்-சா தயாரித்துப் பணம் பார்த்தவர், பாலைவனத்தில் ஏரிக்கரையாகப் பார்த்து மனை போட்டு ஊர் உண்டாக்கிக்கொண்டிருந்தவர். லண்டனில் இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் டவர் பாலம் என்று நினைத்து ஏமாந்து இதை வாங்கினார் என்று ஒரு கதை சுற்றுகிறது. வாங்கியவரும் மறுத்தார், விற்பனை யோசனையைக் கிளப்பிய சிட்டி உறுப்பினர் ஐவன் லக்கினும் மறுத்தார். இருந்தும் எங்கள் பிள்ளைகள் செல்போனில் முதலில் எடுத்துச் சொல்வது இதைத்தான். ருசியான பொய்யை முந்திக்கொண்டு உண்மை ஓட வேண்டுமென்றால், அந்த இடத்திலேயே கல்லில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

கற்களைக் கழற்றும்போது ஒவ்வொன்றிலும் எண் போட்டார்கள். எந்த வளைவு, அதில் எந்த வரிசை, வரிசையில் எத்தனையாவது கல் என்று அந்த எண்ணே சொல்லிவிடும். பல கற்கள் முதலில் டார்ட்மூரின் மெரிவேல் குவாரிக்குப் போய், உள்முகத்தில் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை அறுபட்டன. வெட்டி எடுத்த மலைக்கே திரும்பிப் போய் இளைத்து வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கப்பலில் பனாமா கால்வாய் வழியாகக் கலிஃபோர்னியாவின் லாங் பீச், அங்கிருந்து லாரியில் பாலைவனம். உள்ளே கான்கிரீட் எலும்புக்கூடு, மேலே கருங்கல் தோல். பாலத்தை உலர்ந்த மண்ணில் கட்டி முடித்துவிட்டு, பிறகுதான் அடியில் கால்வாய் வெட்டித் தண்ணீர் விட்டார்கள். அதுவரை கரையோடு ஒட்டியிருந்த தீபகற்பம், பாலத்துக்காகவே தீவாக மாறியது. 1971 அக்டோபர் 10-ல் திறப்பு விழா.

அந்த எண்களில் சில இன்னும் தெரிகின்றன. பாலத்தின் நிழலில் நின்று, வெயிலில் சூடேறிய கல்லைத் தொட்டுப் பார்க்காமல் நெருங்கி மட்டும் பாருங்கள். சாம்பல் நிறக் கல்லுக்குள் வெள்ளையாகக் கட்டி கட்டியாகப் படிகங்கள், அதன் மேல் மங்கிப்போன இலக்கங்கள். பளபளப்பான தகவல் பலகை எதுவும் இந்தக் கதையை இவ்வளவு நேர்மையாகச் சொல்லாது. ‘என்னைப் பிரித்தார்கள், மறுபடி கோத்தார்கள், என் இடம் இதுதான்’ என்று கல்லே சொல்கிறது. டிராகனிடமும் நான் கேட்பது இந்த மாதிரி ஒரு நேர்மையைத்தான்.

இப்போது எல்லைக்கு வருகிறேன். லண்டன் மாநகரம் வேறு, அதன் நடுவில் சுமார் ஒரு சதுர மைல் பரப்புள்ள ‘சிட்டி’ வேறு என்பது ஊரிலிருந்து வரும் பலருக்குத் தெரியாது. சிட்டிக்குத் தனி நிர்வாகம், தனி மேயர், தனிப் போலீஸ். லண்டன் பாலம் முழுவதும் சிட்டிக்குள் சேர்த்தி. தென்கரையில் இறங்கினால் சதர்க். அதனால் எல்லை ஆற்றின் நடுவில் விழாமல், பாலத்தின் தென்முனையில் விழுந்தது.

இடைக்காலப் பாலத்தில் இந்த எல்லையைக் காட்ட டிராகன் தேவைப்படவில்லை. 1305-ல் ஸ்காட்லாந்தின் வில்லியம் வாலஸின் தலையைப் பாலத்து வாசலின் மேல் செருகி வைத்தார்கள். அன்று தொடங்கி மூன்று நூற்றாண்டுக்கு மேல், அரசத் துரோகி என்று தீர்ப்பான ஆட்களின் தலைகளை வேகவைத்து, தார் பூசி, ஈட்டி முனையில் நிறுத்துவது வழக்கமாக இருந்தது. பிற்காலத்தில் அந்த இடம் தென்முனை வாயிலாகவே ஆனது. தெற்கேயிருந்து வருகிறவருக்கு ஊர் தொடங்கிவிட்டது என்று அறிவித்தவை அந்தத் தலைகள்தான். கையில் கேடயமும் சிவந்த நாக்குமாக நிற்கும் இன்றைய டிராகனைப் பார்த்து ‘அழகா இருக்குல்ல’ என்று படம் எடுக்கிறோம். அந்த இடத்தின் முந்தைய காவலர்கள் யார் என்று தெரிந்தால் கொஞ்சம் தள்ளி நிற்போம்.

டிராகனின் வயதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். சிட்டியின் லோயர் தேம்ஸ் தெருவில் நிலக்கரிச் சந்தைக் கட்டடம் ஒன்று இருந்தது. 1849-ல் கட்டியது. அதன் வாசலுக்கு மேலே ஏழடி உயரத்தில் இரண்டு வார்ப்பிரும்பு டிராகன்கள். சாலையை அகலமாக்க 1960-களின் தொடக்கத்தில் கட்டடத்தை இடித்தார்கள். எதிர்ப்பு பலமாக இருந்தும் கட்டடம் பிழைக்கவில்லை, டிராகன்கள் மட்டும் பிழைத்தன. 1963-ல் அவற்றைத் தேம்ஸ் கரையில், சிட்டியின் மேற்கு எல்லையில் பீடம் கட்டி நிறுத்தினார்கள். மறு ஆண்டு, சிட்டியின் மற்ற நுழைவாயில்களுக்கும் இதே உருவம் என்று முடிவானது. அசலில் பாதி அளவுக்கு வார்த்து, வெள்ளி நிறம் அடித்து, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் ஒவ்வொரு சாலை முகப்பிலும் வைத்தார்கள்.

அதாவது, கரி வியாபாரக் கட்டடத்தின் வாசல் அலங்காரம் 1964-ல்தான் எல்லைக் காவலனாகப் பதவி உயர்வு பெற்றது. ரென்னி பாலம் விலைபோனது 1968-ல். நடுவில் நான்கே ஆண்டு. இந்த வார்ப்பு டிராகனும் அந்தக் கருங்கல் பாலமும் ஒன்றையொன்று பார்த்திருந்தால்கூட, பாலத்தைக் கழற்றிக்கொண்டிருந்த கெடுபிடியில் பார்த்திருக்கும், அவ்வளவுதான். ‘நூற்றாண்டுகளாகப் பாலத்தைக் காத்த டிராகன், தன் பாலத்தோடு மறுபடி சேர்ந்தது’ என்று சுற்றுலா அட்டையில் அச்சடிக்க ஆசை வரும். தயவுசெய்து அச்சடிக்காதீர்கள். எல்லை பழையது, பாலம் நடுத்தர வயது, டிராகன் சின்னப்பிள்ளை. இந்த மூன்று வயதையும் கலக்காமல் சொன்னாலே கதை போதுமான அளவு நன்றாக இருக்கிறது.

லண்டன்காரர்களுக்கு இதில் நிறையப் பழக்கம் உண்டு. ஃப்ளீட் தெருவில் சிட்டியின் மேற்கு எல்லையாக இருந்த டெம்பிள் பார் வாயிலைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 1878-ல் கழற்றினீர்கள். பீர் ஆலைக் குடும்பத்தவரான ஹென்றி மியூ அதை வாங்கி, ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் இருந்த தன் தியோபால்ட்ஸ் பார்க் தோட்ட வாசலாக 1888-ல் கட்டிக்கொண்டார். மரங்களுக்கு நடுவே நூறு ஆண்டுக்கு மேல் கிடந்து சிதைந்த பிறகு, 2004-ல் சிட்டிக்குள் கொண்டுவந்து, செயின்ட் பால் தேவாலயத்தின் பக்கத்தில் பேட்டர்னாஸ்டர் சதுக்கத்தில் நிறுத்தினீர்கள். வாயில் ஊர் திரும்பியது, எல்லைக்குத் திரும்பவில்லை. ஊரின் நட்டநடுவில் ஓர் எல்லை வாயில் நிற்கிறது. அதன் பழைய இடத்தில், 1880-ல் வைத்த நினைவுத் தூணின் உச்சியில், சார்லஸ் பர்ச் செதுக்கிய வேறொரு டிராகன் நிற்கிறது. 1964-ல் எல்லைக் குறிக்கு மாதிரி தேடியபோது அந்த டிராகன் ரொம்ப முரட்டுத்தனமாக இருக்கிறதென்று ஒதுக்கிவிட்டு, கரிச் சந்தை டிராகனை எடுத்தீர்கள்.

நான் குறை சொல்லவில்லை. எங்கள் சென்னையிலும் இதே கூத்துதான். கோட்டையைச் சுற்றிக் கட்டடம் எழும்பாத வெட்டவெளி வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி 1773-ல் எல்லைத் தூண்கள் நட்டது. அதில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டட மூலையில் இன்னும் இருக்கிறது. அது குறித்த வெட்டவெளியில் இப்போது உயர்நீதிமன்றம் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிற கூட்டத்தில் யார் அந்தத் தூணைப் பார்க்கிறார்கள்? எல்லைக் குறிகளின் தலைவிதி பெரும்பாலும் இதுதான். குறி நிற்கும், எல்லை போய்விடும். அல்லது எல்லை நிற்கும், குறி போய்விடும்.

அப்படியானால் ஹவாசுவில் டிராகன் எதற்கு என்று கேட்கலாம். எங்கள் ஊர்ப்பக்கம் இதற்கு ஒரு வழி இருக்கிறது. பிழைப்புக்காகவோ, அணை கட்டியதாலோ குடும்பங்கள் வேறு ஊருக்குப் பெயரும்போது, குலசாமி கோயிலிலிருந்து ஒரு பிடிமண் எடுத்துப் போவார்கள். புது ஊரில் அந்த மண்ணைப் போட்டுச் சாமியை நிறுத்துவார்கள். புதுக் கோயில் பொய்க் கோயில் ஆகிவிடாது. கும்பிடுவதும் குறையாது. ஆனால் மண் எங்கிருந்து வந்தது என்பதை யாரும் மறைக்க மாட்டார்கள். கேட்கிறவரிடமெல்லாம் ‘எங்க மூலக் கோயில் இன்ன ஊர்’ என்று சொல்லிக் காட்டுவார்கள், திருவிழாவுக்குப் பெட்டி படுக்கையோடு அங்கே போவார்கள். ஹவாசு டிராகனை அப்படி ஒரு பிடிமண் சாமியாக நிறுத்துங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அது அசல் என்று நடிக்கவும் வேண்டாம், வெறும் அலங்காரப் பொம்மை என்று ஒதுக்கவும் வேண்டாம்.

அப்படி நிறுத்த வேண்டுமென்றால் இடம் முக்கியம். லண்டனில் அது நிற்பது சிட்டிக்குள் நுழைகிற முனையில். ஹவாசுவில் ஊரின் பெரும்பகுதி கரைப்பக்கம், பாலத்தைத் தாண்டினால் தீவு. தீவிலிருந்து பாலமேறி ஊருக்குள் வருகிறவரைப் பார்க்கிற மாதிரி, தீவுப் பக்க முனையில் நிற்பதுதான் லண்டன் முறைக்கு ஒத்துவரும். ஆங்கிலக் கிராமம் என்று கரைப்பக்கம் கட்டிய கடைத்தெருவின் நடுவில், ஐஸ்கிரீம் வரிசைக்கும் கழிவறைப் பலகைக்கும் இடையில் சிலை நின்றால் எல்லை என்கிற எண்ணமே யாருக்கும் வராது. தீவும் உங்கள் நகர எல்லைக்குள்தானே என்று நகர்மன்றத்தில் யாராவது சொல்வீர்கள். உண்மைதான். நிஜமான எல்லை அந்தத் தீவைத் தாண்டி, ஏரித் தண்ணீரில் ஓடுகிறது. இந்தப் பக்கம் அரிசோனா, அந்தப் பக்கம் கலிஃபோர்னியா. குளிர்காலத்தில் இரு கரைக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம், கோடையில் கடிகாரம் ஒன்றாகிவிடும், ஏனென்றால் அரிசோனாவின் பெரும்பகுதி கடிகாரத்தைத் திருப்பி வைப்பதில்லை. ஆண்டில் சில மாதம் மட்டும் நேரத்துக்கும் எல்லையாகிற ஏரியைப் பார்த்தபடி நிற்பது ஒரு காவல் டிராகனுக்குக் கசக்கவா போகிறது?

அந்த எதிர்க்கரை பற்றி இன்னொன்று. இந்த ஏரி இயற்கை ஏரி அல்ல. கொலராடோ ஆற்றில் 1938-ல் முடிந்த பார்க்கர் அணை தேக்கிய நீர். மேற்குக் கரையில் செமவேவி என்ற பூர்வகுடி மக்களின் ஒதுக்கீட்டு நிலம் இருக்கிறது. ஆற்றோரமாக அவர்கள் பயிர் செய்த நல்ல நிலமெல்லாம் அணை நீரில் மூழ்கியது. உங்கள் பாலத்தடியிலிருந்து படகில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய துறைக்குப் போய்விடலாம். மேட்டூர் அணைக்குள் தண்ணீர் வற்றும்போது வெளியே தெரிகிற பழைய நந்தியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அணைக்கு அடியில் ஊர் இருக்கும் என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடல் தாண்டி வந்த ஓர் எல்லைக்குச் சிலை வைக்கும் நகரம், அதே தண்ணீருக்கு அடியில் காணாமற்போன எல்லைகளைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது. என்ன எழுதுவது என்பதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். செமவேவி மக்களின் மன்றத்தைக் கேளுங்கள். அவர்கள் சொல்லித் தருவதை அவர்கள் மொழியிலும் எழுதுங்கள்.

லண்டன்காரர்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். ரென்னி பாலம் மொத்தமும் உங்களைவிட்டுப் போகவில்லை. தென்கரையில், சதர்க் தேவாலயத்துக்குப் பக்கத்தில், ‘நான்சி படிக்கட்டு’ என்று ஊர் சொல்கிற இடத்தில் அதன் ஒரு துண்டு இன்னும் இருக்கிறது. 1973-ல் இரண்டாம் எலிசபெத் அரசி திறந்துவைத்த கான்கிரீட் பாலம் தலைக்கு மேலே போகிறது, கீழே அந்தப் பழைய கருங்கல். எல்லை டிராகன்கள் நிற்பதும் அந்தப் பக்கத்து முனையில்தான். ஆக, எல்லையும் டிராகனும் ரென்னியின் கல்லும் நிஜமாகவே அருகருகே இருக்கிற ஒரே இடம் அரிசோனா அல்ல, உங்கள் தென்கரை. அங்கே ஒரு பலகையில், ‘இந்தப் பாலத்தின் மற்றக் கற்கள் இன்ன இடத்தில் இருக்கின்றன’ என்று எழுதுங்கள். ஏற்கெனவே எழுதியிருந்தால் இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள், அவசரத்தில் போகிற அலுவலகக் கூட்டத்தின் கண்ணில் படுகிற உயரத்தில். பாலங்களைப் பராமரிக்க 13-ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிற அறக்கட்டளை உங்களிடம் இருக்கிறது. ஒரு பலகைக்குக் காசில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது.

ஹவாசு நகர்மன்றத்தார் டிராகனின் பீடத்தில் எழுத வேண்டியதை நானே வரைவாகத் தருகிறேன், திருத்திக்கொள்ளுங்கள்:

‘லண்டன் சிட்டியின் எல்லையைக் குறிக்கும் டிராகன் இது. இதன் மூல வடிவம் 1849-ல் ஒரு நிலக்கரிச் சந்தைக்காக வார்த்தது. 1964-ல் சிட்டியின் எல்லைக் குறியாகத் தேர்வானது. நீங்கள் பார்க்கும் பாலம் 1831 முதல் தேம்ஸ் நதியின் மேல் நின்றது. சிட்டியின் எல்லை அதன் தென்முனையில் இருந்தது. அந்த எல்லை இன்றும் லண்டனில்தான் இருக்கிறது.’

இது அசலா, நகலா, யார் வார்த்தது, எந்த ஆண்டு இங்கே வந்தது என்பதையும் கடைசியில் ஒரு வரியாகச் சேருங்கள். அந்த விவரம் உங்கள் கோப்பில் இருக்கும், பார்க்க வருகிறவர்களிடம் இருக்காது.

பலகையில் இடம் மிச்சமிருந்தால் டவர் பாலக் கதை பொய் என்றும் ஒரு வரி போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிற வேலை எனக்கு மிச்சமாகும். வெயிலைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள். கோடையில் அங்கே 45 டிகிரியைத் தாண்டும். கரும்பலகையில் உலோக எழுத்து வைத்தால் யாரும் பக்கத்தில் நின்று படிக்க மாட்டார்கள். வெளிர் நிறக் கல்லில் ஆழமாகப் பொறித்து, மேலே ஒரு சிறு நிழற்கூரை போட்டால் போதும்.

வரும் குளிர்காலத்தில் ஊரிலிருந்து வருகிற விருந்தாளிகளோடு மறுபடி அங்கே வருவதாக இருக்கிறோம். அதற்குள் முடியாவிட்டாலும் பரவாயில்லை. நகர்மன்றக் கூட்டத்தில் இதை எந்த நாள் எடுத்துப் பேசுவீர்கள் என்று மட்டும் தெரிவித்தால், பீனிக்ஸிலிருந்து நாலைந்து குடும்பமாவது வந்து பொதுமக்கள் வரிசையில் உட்காருவோம்.

இப்படிக்கு,
பாலம் பார்க்க வருவோரில் ஒருவர்,
பீனிக்ஸ் வட்டாரம், அரிசோனா